நாலாம் நம்பர் ஓம்

எங்களோடு வேலை செய்த ஒருவருடைய வாயிலிருந்து தனியாக ஓர் 'இல்லை' வந்ததை ஆறு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. வரேல்லை, போகேல்லை என்று வேறொரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவருக்குப் பரவாயில்லை. தனியே எழும்பி நிற்கிற 'இல்லை'தான் ஆகாது. அந்தச் சொல்லைச் சொன்னால் இலட்சுமி படியிறங்கிப் போய்விடுவாள் என்று அவருடைய ஊரான அடம்பனில் தாயார் சொல்லி வளர்த்திருக்கிறார். அவர்கள் வீட்டில் அரிசி முடிந்தால் "அரிசி நிறைஞ்சிட்டுது" என்பார்களாம்.

நாங்கள் வேலை செய்கிற கந்தோரிலும் அதே கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, தேத்தண்ணி போட எழும்பிய என்னிடம், "தங்கச்சி, சீனி நிறைஞ்சிட்டுது" என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று பேணியைத் திறந்தேன். உள்ளே நாலைந்து எறும்புதான் இருந்தது. நான் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்த வேதக்காரப் பெண். எங்களுடைய வீட்டில் முடிந்தது என்றால் முடிந்தது என்றுதான் சொல்லுவோம். பேணியைத் தலைகீழாகக் கவிழ்த்து அவருக்குக் காட்டினேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்தநாள் காலை அடம்பன் பஸ்ஸால் இறங்கும்போது அவருடைய கையில் இரண்டு கிலோ சீனி இருந்தது.

இதெல்லாம் பகிடிதான். ஆனால் இந்த ஒரு பழக்கத்தால், நாங்கள் ஒருநாளும் காணாத ஒரு தேசத்தில், படுக்கையில் கிடந்த வயோதிபர்களுக்கு ஒரே மருந்து இரண்டு தரம் போகப் பார்த்தது. ஆண்டவர் விடவில்லை. அந்த ஆறுதல் இருக்கிறபடியால்தான் இன்றைக்கு அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு எழுதக்கூடியதாக இருக்கிறது.

எங்களுடைய வேலை என்னவென்று சொன்னால்தான் இது விளங்கும். ஒல்லாந்து தேசத்தில் ஒரு கம்பனி. வயோதிபர்களைப் பராமரிக்கிற தாதிமாருக்காக அவர்கள் போனில் போடுகிற ஒரு செயலியைச் செய்கிறார்கள். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று அது மணியடித்துச் சொல்லும். மருந்தைக் கொடுத்துவிட்டுத் தாதி ஒரு பொத்தானை அழுத்தினால் மணி நிற்கும். என்ன வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் ஒல்லாந்தில். அதைக் கணினிக்கு எழுதுகிறவர்கள் வியட்நாமில். எழுதியது சரியா பிழையா என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவர்கள் மன்னாரில், ஓர் இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறையில் நாங்கள் ஒன்பது பேர். நான் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். பங்கு மண்டபத்தில் நடந்த ஆறுமாதக் கணினி வகுப்பு ஒன்றுக்குப் போய், அதன் வழியாக வந்தவள். என் மனுசன் கடலுக்குப் போகிறவர். கடல் பொய்த்துப் போகிற மாதங்களில் எங்கள் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டது இந்த வேலையால்தான்.

எங்களுக்குள் மூத்தவர் அவர். அண்ணை என்போம். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் ஒரு பென்சில், கையில் கோடு போட்ட பெரிய கொப்பி. நாங்களெல்லாரும் மணி அடிக்கிறதா என்று பார்ப்போம். அவர் மணி அடிக்கக் கூடாத நேரத்தில் அடிக்கிறதா என்று பார்ப்பார். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இடது பெருவிரலால் போனைத் தட்டுவார். "விடிய விடிய வேலை செய்து களைச்ச பிள்ளை ஒண்டு இதைப் பிடிச்சா எங்க அமத்தும் எண்டு பாக்கிறன்" என்பார். அப்படித் தட்டித்தான் மற்றவர்கள் காணாத பிழையெல்லாம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைக் கொப்பியில் தமிழில் எழுதுவார். அந்த எழுத்து அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதையே ஆங்கிலத்தில் ஒல்லாந்துக்கு எழுதும்போது வேறு மனுசனாகிவிடுவார். "எல்லாம் மிக அழகாக இருக்கிறது" என்றுதான் தொடங்குவார். கடைசி வரியில், வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி, அந்தப் பிழையைச் சின்னதாக வைத்துவிட்டு வருவார்.

ஒல்லாந்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவ ஒரு பெண். கட்டையாக வெட்டிய நரைத்த முடி, பெரிய கண்ணாடி. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னா. மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று ஒருநாள் திரையிலேயே எல்லாருக்கும் முன்னால் கேட்டா. "யேஸ், மேடம்" என்றார் அண்ணை.

இவருக்கு 'இல்லை' எவ்வளவு பாரமோ, அவவுக்கு அது அவ்வளவு இலேசு. நான் சேர்ந்து மூன்றாம் மாதம், நான் எழுதிய அறிக்கையைத் திரையில் போட்டு, "இது நல்லாயில்லை, திரும்ப எழுதுங்கள்" என்று ஒன்பது பேருக்கும் முன்னால் சொன்னா. நான் மற்ற அறைக்குப் போய் அழுதேன். வேலை போய்விட்டது, இனி வீட்டில் என்ன சொல்வது என்று மடுமாதாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அண்ணைதான் வந்து, அந்த மனுசிக்கு ஒன்றை மனசில் வைத்திருக்கத் தெரியாது, அவ்வளவுதான் என்றார். அது உண்மைதான். திருத்தி எழுதி அனுப்பியதும், "இப்போது நல்லாயிருக்கிறது" என்று அதே குரலில், அதே ஒன்பது பேருக்கும் முன்னால் சொன்னா.

அவவும் அவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் பட்ட பாட்டை எழுதினால் ஒரு கொப்பி காணாது. ஒருதரம் கூட்டம் முடிகிற நேரம், நாங்கள் வீட்டில் சொல்லுகிற 'போட்டு வாறன்' என்பதை அண்ணை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி, போய்விட்டு வருகிறேன் மேடம் என்று சொல்லித் திரையை மூடினார். மனுசி காத்திருந்தா. வியட்நாமில் ஐந்து பேரும் சேர்ந்து காத்திருந்தார்கள். கால் மணித்தியாலம் கழித்து, அவருக்குச் சுகமில்லையோ என்று கேட்டுக் கடிதம் வந்தது. இவர் பதறிப்போய்த் திரையைத் திறந்து, சுகமாக இருக்கிறேன் என்று சொல்லி, போய்விட்டு வருகிறேன் என்று மறுபடியும் மூடினார்.

"அண்ணன், இனி அவங்க இரவைக்கும் அங்கேயே இருக்கப் போறாங்க" என்றாள் நிஸ்மியா. எருக்கலம்பிட்டியில் இருந்து வருகிற அவளுக்குத்தான் எங்களுக்குள் நல்ல ஆங்கிலம். அவளே ஒல்லாந்துக்குக் கதைத்து விளக்கம் சொன்னாள். அப்படியானால் 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் என்ன என்று மனுசி கேட்டா. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. "போறன் எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது, திரும்பி வராத ஆள் மாதிரி?"

இன்னொருநாள் கரண்ட் போய்விட்டது. எங்களிடம் இருந்த பற்றறியில் திரை மட்டும் வேலை செய்தது. கீழே தெருவில் கழுதைகள் கத்திக்கொண்டு நின்றன. அண்ணை எங்களைப் பார்த்து, கந்தோரில் கரண்ட் போட்டுது என்று தமிழில் சொன்னது அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. மனுசி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டா. கந்தோர். அவர்களுடைய பாசையிலும் அலுவலகத்துக்கு அதே சொல்தானாம். கோட்டை கட்ட வந்த காலத்தில் விட்டுவிட்டுப் போன சொல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தக் கல்லு முகம் பூவாய்ப் போய்விட்டது. வேறு என்ன சொல் இருக்கிறது என்று கேட்டா. நிஸ்மியா குசும்புக்காரி. கக்கூசு என்றாள். மனுசி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தா. அது அங்கே மரியாதையான ஆட்களுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல்லாம். அண்ணைக்குக் காது இரண்டும் சிவந்து போயிற்று. அதற்குப் பிறகு அவ எங்களை வேறு பெயரால் சொன்னதில்லை. மன்னார்க் கந்தோர்தான்.

இப்படி ஒரு பிரியம் இருந்தது. ஆனால் பிரியம் வேறு, விளங்குவது வேறு.

ஆம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஓம் என்போம். அண்ணையின் 'ஓம்'களுக்கு நம்பர் போட்டது நிஸ்மியாதான். ஒரேயொரு கட்டை ஓம் வந்தால் முதலாம் நம்பர், அது உண்மையான ஓம். 'ஓம் ஓம்' என்று கெதியாக வந்தால் இரண்டாம் நம்பர், நீங்கள் கதையுங்கள், நான் வேறொன்றை யோசிக்கிறேன். 'ஓம், பாப்பம்' என்றால் மூன்று, அந்த வேலை ஒருநாளும் நடக்காது. நாலாம் நம்பர் 'ஓ…ம்' என்று நீளும். நீளும்போது கை பையில் இருக்கிற பென்சிலைத் தொடும். அது வந்தால் பெரிய பிழை ஒன்றைக் கண்டிருக்கிறார், சொல்ல வாய் வரவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'யேஸ்' சொன்னாலும் இதே நாலு வகைதான். "இப்ப சொன்னது எத்தனாம் நம்பர் அண்ணன்?" என்று அவள் கேட்க, அவர், "ஓம் ஓம்" என்பார். "ரெண்டு" என்று நாங்களெல்லாரும் ஒரே குரலில் சொல்லுவோம்.

நாங்கள் சிரித்துக்கொண்டு இருந்தோமே தவிர, இந்தக் கணக்கை ஒல்லாந்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. அங்கே எல்லா 'யேஸ்'உம் ஒரே 'யேஸ்'தான்.

அது ஐப்பசி மாதம். வியட்நாம்காரர் செயலியைப் புதிதாக எழுதி முடித்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை தாதிமாருடைய போனுக்கெல்லாம் அது போக வேண்டும். ஏற்கனவே பிந்திவிட்டது. இந்தத்தரமும் பிந்தினால் ஒல்லாந்துக்காரர் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது குடும்பம் அந்தப் பயத்தோடுதான் நித்திரைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை அண்ணை மேசையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு, ஒன்றின் நேரத்தைத் திருப்புவதும், பார்ப்பதும், கொப்பியில் எழுதுவதுமாக இருந்தார். மத்தியானச் சோற்றுப் பார்சலையும் அவிழ்க்கவில்லை. என்ன அண்ணை என்று கேட்டேன். "சின்னச் சந்தேகம் ஒண்டு, தங்கச்சி" என்றார். பின்னேரம் ஒல்லாந்துக்குக் கடிதம் போட்டார். எல்லாம் மிக அழகாக இருக்கிறது, வியட்நாம் நண்பர்களுக்கு நன்றி, நேரம் மாறுகிற நாளில் மட்டும் ஒரு சின்னச் சந்தேகம், வசதிப்பட்டால் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. புதன்கிழமை பதில் வந்தது. நல்ல செய்திக்கு நன்றி என்று.

வியாழக்கிழமை ஒன்றரைக்குக் கூட்டம். திங்கட்கிழமை விடலாமா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றா அந்த மனுசி. ஒவ்வொருவராகக் கேட்டு, திரையில் பெயருக்கு நேரே பச்சைக் கோடு போட்டுக்கொண்டு வந்தா. வியட்நாமில் தலைமையாக இருந்த தம்பி ஆம் என்றார். நிஸ்மியா தான் பார்த்த பகுதி சரி என்றாள். அடுத்தது அண்ணை.

"யே…ஸ், மேடம்."

கை பென்சிலைத் தொட்டது.

நிஸ்மியா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அங்கே பச்சைக் கோடு விழுந்துவிட்டது. அடுத்தது என்னுடைய பெயர்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. இவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. கண்டிருக்கிறார் என்று மட்டும் தெரியும். நான் வாயைத் திறந்தால் என்னை விட எவ்வளவோ மூத்த மனுசனை வேறு தேசத்தாருக்கு முன்னால் பொய்யர் ஆக்கிவிடுவேன். திறக்காவிட்டால் அது எங்கேயோ ஒரு கட்டிலுக்குப் போய்ச் சேரும். விரலில் கிடந்த செபமாலை மோதிரத்தைத் திருப்பினேன். மாதாவுக்கு ஒரு பிரியதத்தச் செபம் சொல்ல நினைத்தேன், அதற்கும் நேரம் காணாது.

"மேடம், அண்ணைட யேஸ், யேஸ் இல்லை மேடம்" என்று என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

வியட்நாம் பக்கம் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மனுசி சிரிக்கவில்லை. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அது, ஏன் பிள்ளை என்கிற மாதிரி இருந்தது.

என்ன சந்தேகம் என்று மனுசி கேட்டா. சின்னது மேடம் என்றார் இவர். எவ்வளவு சின்னது என்று கேட்டா. இவருடைய கை திரும்பவும் பென்சிலுக்குப் போயிற்று. அப்போது நிஸ்மியா கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். தமிழில் சொல்லுங்கள், நான் அவர்களுக்குச் சொல்லுகிறேன் என்றாள். அவர் கொப்பியைத் திறந்தார். பிறகு, திரையைப் பார்க்காமல், கொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சண்டைக் காலத்தில ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றிக்கு அங்கால, இயக்கத்தின்ர கையில இருந்த எங்கட பக்கம் பழைய நேரம். இங்கால மன்னாரில அரசாங்கம் மாத்தின புது நேரம். அரை மணித்தியாலம் வித்தியாசம். ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம். எட்டு மணிக்கு ஒரு குளிசை எண்டு துண்டில எழுதித் தந்தவை. அக்கா மன்னாரில கலியாணம் கட்டி இருந்தவ. ஐயாவைப் பாக்க வந்தவ, தன்ர கைமணிக்கூட்டைப் பாத்து எட்டு மணிக்குக் குளிசையைக் குடுத்திட்டு, குளிக்கக் கிணத்தடிக்குப் போட்டா. நான் வயலால வந்தன். சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். எட்டு. நானும் குடுத்தன்."

நிஸ்மியா அதுவரை சொன்னதை மொழிபெயர்த்தாள்.

"நாங்கள் ரெண்டு பேரும் சரியாத்தான் குடுத்தம். ஒருத்தரும் பிழை விடேல்லை. அரை மணித்தியாலத்தில ஐயா விழுந்திட்டார். ட்ராக்டரில போட்டுக்கொண்டு ஓடினம். கடவுள் திருப்பித் தந்தவர். அதுக்குப் பிறகும் ரெண்டு வருசம் இருந்தவர்." கொப்பியை மூடினார். "இவையின்ர தேசத்திலயும் வருசத்தில ஒரு நாள் ஒரு மணித்தியாலத்தைப் பின்னுக்குத் தள்ளி வைக்கினம். அண்டைக்கு ரெண்டரை மணி ரெண்டு தரம் வரும். நான் வச்சுப் பாத்தன். மணியும் ரெண்டு தரம் அடிக்குது. முதல் மணிக்கு ஒரு தாதி குடுத்திட்டுப் போவா. ரெண்டாவது மணிக்கு மற்றவ வந்து குடுப்பா. அவையளும் சரியாத்தான் குடுப்பினம்."

அவர் சொன்ன அந்த நாள் எப்போது என்று மனுசிக்குத் தெரியும். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. திங்கட்கிழமை செயலி போனால், ஆறாம் நாள் இரவு.

அப்போதுதான் வியட்நாமில் இருந்த தம்பி கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார். மணித்தியாலத்தைத் தள்ளி வைப்பது என்றால் என்ன?

அவருடைய நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. எங்களுக்கும் தெரியாது. ஒவ்வோர் ஐப்பசியிலும் எங்கள் கூட்டம் ஒன்றரையில் இருந்து இரண்டரைக்குப் போகும். அங்கே குளிர் தொடங்கிவிட்டது, பிந்தி எழும்புகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒல்லாந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் என்பதால், அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்ட நேரம் ஏன் மாறுகிறது என்று தேடிப் பார்த்து, மூன்று தேசத்திலும் அதை யோசித்த ஒரே ஆள், சென்றிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மணிக்கூட்டோடு வாழ்ந்த இந்த மனுசன்தான்.

மனுசி வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தா. பிறகு கையை எடுத்துவிட்டு, பழையபடி நேரே கேட்டா. திங்கட்கிழமை விடலாமா? ஆம், அல்லது இல்லை.

அண்ணை எழும்பினார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய சொல் அல்ல என்று நினைத்தாரோ என்னவோ. சட்டையை இழுத்து விட்டார்.

"நோ, மேடம்."

பச்சைக் கோடு சிவப்பானது. எங்களுடைய வேலை போய்விட்டது என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். மனுசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நன்றி என்றா. பிறகு ஒன்று சொன்னா. மன்னார்க் கந்தோரில் இருந்து வருகிற கடிதமெல்லாம் அழகாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்றே வந்துகொண்டிருந்ததால், இங்கே ஒருவரும் உண்மையில் சோதிப்பதில்லையோ என்று தனக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். இந்த மாதத்தோடு எங்களை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுத இருந்தாவாம். இனி எழுத மாட்டேன் என்றா. அதையும் ஒளிக்காமல், மனசில் வைக்காமல், அப்படியே சொன்னா.

ஒன்பது குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவர் சொன்ன ஒவ்வொரு ஓமும் எங்களுடைய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. அவர் பயந்து பயந்து வைத்திருந்த ஒரு சொல்தான் எங்களைத் தாங்கியது. நான் கதிரையில் இருந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

திரையை மூடிய பிறகு அவரிடம் போய், மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணை என்றேன். பிறத்தியாருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"நீங்கள் பிடிச்சுக் குடுக்காட்டி நான் எழும்பியிருக்க மாட்டன், தங்கச்சி" என்றார்.

"அது சரி, இலட்சுமி போயிருப்பாவே அண்ணன்?" என்று கேட்டாள் நிஸ்மியா.

"இங்கிலீசிலதானே சொன்னனான். அவவுக்கு விளங்கியிருக்காது."

அதற்குப் பிறகு அவர்கள் ஆம் அல்லது இல்லை என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். என்ன பிழையாகப் போகலாம் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அண்ணை அரை மணித்தியாலம் கதைப்பார், நிறுத்துவதுதான் பாடு. மூன்று தேசத்தாரும் பார்க்கிற பொதுப் பக்கம் ஒன்று கணினியில் இருந்தது. அதன் தலைப்பில், நேரம் மாறுகிற நாளைப் பற்றி வியட்நாம் தம்பி எழுதி வைத்தார். அதன் கீழே மன்னார்க் கந்தோரின் நாலு ஓமையும் நிஸ்மியா நம்பர் போட்டு எழுதினாள். அண்ணை பக்கத்தில் நின்று, மூன்றாம் நம்பருக்குச் சொன்ன விளக்கம் கொஞ்சம் கடுமை என்று திருத்தினார். அடுத்தநாள் பார்த்தால் வியட்நாம்காரர் அதன் கீழே தங்களுடையதைச் சேர்த்திருந்தார்கள். தாங்கள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் விளங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாமாம். அதற்கும் கீழே ஒல்லாந்து மனுசி ஒரு வரி எழுதியிருந்தா. நல்லாயில்லை என்று நான் சொன்னால் அது வேலையைச் சொன்னது, ஆளைச் சொன்னதல்ல. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் மாதத்தில் அழுத அழுகை அப்போதுதான் எனக்குள்ளே முழுதாக நின்றது.

அண்ணை இப்போது எங்களோடு வேலை செய்யவில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல் கொஞ்சம் இருக்கிறது, அதோடு நிற்கிறார். அறுவடைக்குப் பிறகு எங்களுக்குப் புது அரிசி வரும். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று சொன்னார். சொன்னார் என்றால், எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு 'ஓ…ம்' என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். வியட்நாம்காரர் கிழமை முழுக்க இருந்து திருத்தினார்கள். அண்ணை தட்டித் தட்டிப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமைதான் செயலி தாதிமாருடைய போனுக்குப் போனது. சரிதான் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சோதனைக்கு நேரத்தைத் திருப்புவது வேறு, உண்மையாகவே நேரம் திரும்புவது வேறு. அங்கே இரண்டரை மணி முதல்தரம் வரும்போது இங்கே விடிய ஆறு மணி. இரண்டாந்தரம் வரும்போது ஏழு. ஆறரைக்கு எங்களுக்குப் பூசை.

நான் பிள்ளைகளோடும் மனுசனோடும் கோயிலில் இருந்தேன். கண் பீடத்தில், மனம் ஏழு மணியில். முகம் தெரியாத அந்தக் கிழவர்களையும், அந்த வேளை வேலைக்கு மாறுகிற தாதிமாரையும் ஒவ்வொருவராக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். பெயர் தெரியாதபடியால், கட்டிலில் கிடக்கிறவர்கள் என்று மட்டும் சொன்னேன். சுவாமி அப்பத்தை உயர்த்தியபோது ஏழு மணியாகியிருக்கும். கைப்பைக்குள் போன் ஒருதரம் நடுங்கியது. பூசை முடியுமட்டும் எடுக்கவில்லை.

வெளியே முற்றத்து மணலில் செருப்பைப் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்காமலே அண்ணை முதல் பஸ்ஸில் வந்து, கந்தோரைத் திறந்து, ஒல்லாந்து நேரத்தில் ஓடுகிற சோதனைப் போனுக்கு முன்னால் இருந்திருக்கிறார். இரண்டு செய்தி கிடந்தது. முதலாவது ஆறு மணிக்கு, "அடிச்சது" என்று. இரண்டாவது ஏழு மணி தாண்டி.

"ரெண்டாந்தரம் அடிக்கேல்லை. எல்லாரும் நித்திரை."

என் மனுசன் எட்டிப் பார்த்து, ஆர் நித்திரை என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாத ஆக்கள்" என்றேன்.